அழித்த பின்னும் நிற்பவை

வீட்டில் பல வருஷங்கள் உழைத்த கம்ப்யூட்டரை மற்றொருவருக்கு விற்கும்போதோ கொடுக்கும்போதோ, அதில் நாம் சேர்த்து வைத்த கடிதங்களையும் வங்கிக் கணக்குகளையும் குழந்தைகளின் புகைப்படங்களையும் நீக்கிவிட்டுக் கொடுப்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. திரையில் பெயர் மறைந்ததும் எழுத்தும் மறைந்துவிட்டதாக நம்பி, அந்த யந்திரத்தை அந்நியர் கையில் ஒப்படைத்து நிம்மதியடைவதும் அவ்வளவுக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த நம்பிக்கை எப்படி உண்டாயிற்று, அதை யார் பரிசோதித்துப் பார்த்தார்கள், மெய்யாகவே அழிப்பதற்கு என்னென்ன உபாயங்கள் கண்டுபிடிக்கப்பட்டன, அவற்றுள் எவை நிலைத்தன, எவை தோற்றன என்பதெல்லாம் 60 வருஷங்களுக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம். அதைத் தொடர்ந்து படித்து வருகிறவனுக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புலப்படுகிறது. கம்ப்யூட்டரை வகுத்தவர்கள், எதுவும் தவறுதலாக அழிந்துவிடக் கூடாதே என்ற கவலையை முன்னிட்டே அதை வகுத்தார்கள்; வேண்டுமென்றே அழிக்க விரும்புகிறவனுடைய பாரத்தை அவன் தலையிலேயே, அதுவும் அவனுக்குச் சொல்லாமலேயே, ஏற்றிவிட்டார்கள்.

காந்தத் தட்டுகளில் எழுதி வைக்கும் வழக்கம் 1956-ஆம் வருஷம் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 305 ராமாக் என்ற யந்திரத்தோடு ஆரம்பமாயிற்று. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி, ஒரு டன்னுக்கு மேல் கனத்த அந்தப் பெரிய உருவத்தில் சுமார் 50 லட்சம் எழுத்துக்களே அடங்கின. மாதம் 3,200 டாலர் வாடகை கொடுத்துப் பெரிய கம்பெனிகள் அதை வைத்துக் கொண்டன. இடம் அவ்வளவு கிராக்கியாக இருந்த காலத்தில் பழைய கணக்கின் மேலேயே புதிய கணக்கை எழுதுவது நிர்ப்பந்தமாயிற்று. காந்த நாடாக்களும் ஒரு வேலை முடிந்ததும் அடுத்த வேலைக்குத் திருப்பி எடுத்துக் கொள்ளப்பட்டன. அந்நாளில் சிக்கனமே பெரும்பாலும் அழிக்கும் காரியத்தைச் செய்து வந்தது. அழித்த காந்தத்திலும் முன் எழுதியதன் சாயல் மிஞ்சக்கூடும் என்ற எச்சரிக்கை 1960-ஆம் வருஷத்தை ஒட்டியே அமெரிக்க ராணுவ வட்டாரங்களில் எழுந்துவிட்டது. ஆயினும் அது ராஜாங்க ரகசியங்களைக் காப்பவர்களுடைய கவலையாகவே வெகு காலம் இருந்தது. அந்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவைச் சேர்ந்த கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையம் இந்த எஞ்சி நிற்கும் தன்மையைப் பற்றித் தனி வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டது 1991-இல்தான்.

சாமானிய மனிதனுடைய மேஜைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது வேறொரு சம்பிரதாயமும் அதோடு வந்து சேர்ந்தது. 1970-களில் கேரி கில்டால் அமைத்த சிபி/எம் என்ற இயக்க முறையில், ஒரு ஃபைலை நீக்கும்படி கட்டளையிட்டால், பெயர்ப் பட்டியலில் அந்த ஃபைலுக்கு உரிய பதிவின் முதல் இடத்தில் ஈ5 என்ற ஒரு குறி மட்டும் பொறிக்கப்பட்டது. அந்தக் குறி அந்த இடம் காலி என்பதற்கு அடையாளம். ஃபைலின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் தொடப்படவில்லை. 1981-இல் ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரோடு பிறந்த டாஸ் முறையும் அதே குறியைக் கைக்கொண்டது. அதில் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஈ5 வந்து உட்கார்ந்து கொண்டது. கர்ணம் அடங்கலில் ஒருவன் பெயரை அடித்துவிட்டால் அவன் பயிரிட்ட நிலமும் அதில் நின்ற பயிரும் மறைந்துவிடாதது போல, ஃபைல் இருந்த இடத்திலேயே, மேலே வேறொன்று எழுதப்படும் வரையில், குலையாமல் கிடந்தது. இவ்விதம் செய்ததில் சோம்பல் ஏதும் இல்லை. ஃப்ளாப்பி தட்டின் மந்தமான வேகத்தில் ஒவ்வோர் எழுத்தையும் தேடிச் சென்று பூஜ்யம் இடுவதானால், ஒரு சிறு கட்டளைக்காக மனிதன் வெகு நேரம் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

இந்தக் குணத்தை ஒரு வரப்பிரசாதமாகவே அக்காலத்தவர் கொண்டாடினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 1982-இல் பீட்டர் நார்ட்டன் வெளியிட்ட கருவித் தொகுப்பில், தவறுதலாக நீக்கிய ஃபைலை மீட்டுத் தரும் புரோகிராமுக்குத்தான் பெரும் கீர்த்தி ஏற்பட்டது. 1991-இல் வெளிவந்த டாஸ் ஐந்தாம் பதிப்பில் மைக்ரோஸாஃப்ட் நிறுவனமே அப்படிப்பட்ட மீட்புக் கட்டளை ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. மக்கின்டாஷ் குப்பைத் தொட்டியும், விண்டோஸ் 95-இன் மறுசுழற்சித் தொட்டியும் அதே கருணையின் தொடர்ச்சிகள். கை தவறியவனைக் காப்பாற்ற இத்தனை ஏற்பாடுகள் நடந்த அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில், விற்றுவிட்ட தட்டை இன்னொருவன் இதே கருவியால் திறந்து படிக்கலாம் என்பதைப் பொது ஜனங்களுக்கு எடுத்துச் சொன்னவர்கள் மிகச் சிலரே. ஒரே கருவி ஒருவனுக்கு ரட்சகனாகவும் மற்றொருவனுக்குத் திருடனாகவும் அமைந்துவிட்டது.

நீக்குதல் வேறு, அழித்தல் வேறு என்பதை உலகம் முழுவதும் அறியும்படி செய்த முதல் சம்பவம் வாஷிங்டனில் நிகழ்ந்தது. 1986 நவம்பரில் ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரம் அம்பலமானபோது, வெள்ளை மாளிகையின் தேசியப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஜான் பாயின்டெக்ஸ்டரும் ஆலிவர் நார்த்தும், தங்களுக்குள் பரிமாறிக் கொண்ட மின்கடிதங்களை அவசர அவசரமாக நீக்கினார்கள். அவர்கள் உபயோகித்த ப்ரொஃப்ஸ் என்ற அலுவலக முறையின் கடிதங்கள் நாள்தோறும் தனி நாடாக்களில் பிரதி எடுக்கப்பட்டு வந்தன. திரையிலிருந்து போனவை நாடாவில் இருந்தன. விசாரணைக் குழு அவற்றையே சாட்சியமாகக் கைப்பற்றியது. பின்னர் 1989 ஜனவரியில், ஜனாதிபதி ரீகன் பதவி இறங்கும் தறுவாயில், அந்த நாடாக்களை அழிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் ஒரு வழக்கும் தொடரப்பட்டது. பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்கும்போது தன் முன்னால் உள்ளதை மட்டும் அழிப்பதில் பயன் இல்லை என்ற பாடம், இன்று தன் புகைப்படங்களை இணையக் கிடங்கில் தானாகவே சேர்ந்து கொள்ளும்படி விட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

1996-ஆம் வருஷத்தை இந்தச் சரித்திரத்தின் மையமென்று சொல்வேன். அதற்கு முந்திய வருஷம் வெளியான அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் தொழிற்பாதுகாப்புக் கையேட்டை ஆதாரமாகக் காட்டி, மூன்று தடவை மேலெழுதினால் போதும் என்ற ஒரு வழக்கம் வியாபார உலகில் பரவிக் கொண்டிருந்தது. அப்போது நியூசிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த பீட்டர் குட்மன், அவ்வருஷம் ஜூலை மாதம் கலிஃபோர்னியாவின் சான் ஹோஸே நகரத்தில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார். பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்றை எழுதினால் அந்த ஒன்று சற்றே குறைந்தும், ஒன்று இருந்த இடத்தில் மறுபடியும் ஒன்றை எழுதினால் அது சற்றே மிகுந்தும் நிற்கும் என்றும், எழுதும் முனை முன் சென்ற தடத்திலேயே இம்மியும் பிசகாமல் செல்லாதபடியால் ஓரங்களில் பழைய எழுத்தின் விளிம்பு மிஞ்சும் என்றும், காந்த விசையை அளக்கும் நுண்ணோக்கியினால் இவற்றைக் காண்பது சாத்தியம் என்றும் அவர் வாதித்தார். அக்கால ஹார்ட் டிஸ்குகளில் எழுத்துக்களைக் காந்தமாக மாற்றும் குறியீட்டு முறைகள் பலவாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற தனித்தனி வடிவங்கள் 27-ஐத் தேர்ந்து, அவற்றுக்கு முன்னும் பின்னும் நந்நான்கு தடவை தற்செயலான எழுத்துக்களை இட்டு, ஆக 35 தடவை மேலெழுதும் திட்டம் ஒன்றை அவர் வகுத்துக் கொடுத்தார்.

அந்த 35 என்ற எண் பெற்ற வாழ்வு ஆச்சரியமானது. ஒரு டிஸ்க் எந்தக் குறியீட்டு முறையில் எழுதப்பட்டது என்று தெரியாதபோதுதான் எல்லா வடிவங்களையும் இடவேண்டியிருந்தது. தெரிந்துவிட்டால் அவற்றுள் சிலவே போதும். ஜனங்களோ காரணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக் கொண்டார்கள். அழிக்கும் புரோகிராம்கள் பலவும் 35 தடவை என்பதை ஒரு விருதாக அணிந்து கொண்டன; இரவு முழுவதும் யந்திரத்தை ஓடவிட்டு, விடிந்த பின்னும் முடியாமல் காத்திருந்தவர்கள் பலர். இதைக் கண்டு குட்மனே பின்னால் தம் கட்டுரைக்கு ஓர் அனுபந்தம் எழுதி, தாம் சொன்னதைப் பேயோட்டும் மந்திரம் போல ஓதுகிறார்கள் என்று வருந்தி, நவீன டிஸ்குகளுக்குச் சில தடவை தற்செயலான எழுத்துக்களை இடுவதே போதுமென்று விளக்க நேர்ந்தது. அவர் செய்த மெய்யான உபகாரம், அழித்தல் என்பது பௌதிக சாஸ்திரம் சம்பந்தப்பட்ட காரியம் என்பதைப் பொதுமக்கள் அறியச் செய்தது. எண்ணிக்கையைப் பற்றிய கூச்சலில் அந்த உபகாரத்தைப் பலரும் மறந்துவிட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

நுண்ணோக்கி கொண்டு படிக்கும் ஒற்றனைப் பற்றி அறிஞர்கள் இவ்விதம் தர்க்கித்துக் கொண்டிருந்த வேளையில், ஒற்றன் யாருமே தேவைப்படாத நிலைமை சந்தையில் நிலவியது. 1997-இல் நெவாடா மாகாணத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிய ஒரு பெண்மணி, அதில் அரிஜோனா மாகாணத்து மருந்துக் கடை ஒன்றின் வாடிக்கைக்காரர்கள் சுமார் 2,000 பேருடைய பெயரும், விலாசமும், அவர்கள் உட்கொண்ட மருந்துகளும் அப்படியே இருப்பதைக் கண்டார். இத்தகைய செய்திகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்து கொண்டிருந்ததைப் பார்த்து, மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இருவர், ஊகத்தை விட்டு, எண்ணிப் பார்த்துவிடுவதென்று தீர்மானித்தார்கள். 2000 நவம்பர் முதல் 2002 ஆகஸ்டு வரையில், இணைய ஏலத்திலும் பழஞ்சாமான் கடைகளிலும் 158 ஹார்ட் டிஸ்குகளை விலைக்கு வாங்கினார்கள். அவற்றுள் ஓடும் நிலையில் இருந்தவை 129. ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12.

2003 ஜனவரியில் வெளியான அவர்களுடைய அறிக்கையைப் போலத் தெளிவும் தைரியமும் உடைய ஆராய்ச்சி இத்துறையில் வேறு இல்லை என்பது என் அபிப்பிராயம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள், மருத்துவக் கடிதங்கள், அந்தரங்கமான சொந்தக் கடிதங்கள் எல்லாம் அந்தத் தட்டுகளில் கிடந்தன. ஒரு டிஸ்க் இல்லினாய் மாகாணத்தில் ஏ.டி.எம். யந்திரம் ஒன்றுக்குள் இருந்தது. அதன் கணக்குகளை நீக்க எவரும் எவ்வித முயற்சியும் செய்யவில்லை. இதைவிடக் கவலை தருவது, முயற்சி செய்தவர்களுடைய டிஸ்குகளின் கதி. அவர்கள் நீக்கினார்கள், பார்மட்டும் செய்தார்கள், ஜாக்கிரதையுள்ளவன் செய்யவேண்டியது அவ்வளவுதான் என்று நம்பினார்கள். பார்மட் செய்தால் தட்டிலுள்ள யாவும் அழிந்துவிடும் என்று அந்தக் கட்டளையே திரையில் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பொய். அக்காலத்து விண்டோஸில் முழு பார்மட் என்பதுகூடத் தட்டு பழுதுபட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பெயர்ப் பட்டியலைப் புதுப்பிப்பதாகவே இருந்தது. விண்டோஸ் விஸ்டா 2007-இல் சந்தைக்கு வந்த பிறகே முழு பார்மட் உண்மையில் தட்டு முழுவதும் பூஜ்யம் எழுதத் தொடங்கியது. அந்தச் சொல்லை நம்பித் தம் யந்திரங்களை விற்றவர்கள் கால் நூற்றாண்டுக் காலம் ஏமாந்தார்கள். அவர்களுடைய அஜாக்கிரதை என்று இதைத் தள்ளிவிடுவது அநியாயம்.

தனி மனிதனுடைய டிஸ்கில் அவன் விஷயம் மட்டும் இருப்பதில்லை. ஸ்தாபனங்களின் டிஸ்குகளிலோ இருப்பவை யாவும் பிறருடைய விஷயங்களே. இங்கிலாந்தில் பிரைட்டன் பகுதியின் பொது மருத்துவமனைகளை நடத்தும் ஸ்தாபனம், அழிப்பதற்கென்று ஒப்படைத்த ஹார்ட் டிஸ்குகள் 2010-இல் இணைய ஏலத்தில் விலைபோயின; எச்.ஐ.வி. சிகிச்சை பெற்றவர்களின் குறிப்புகளும் அவற்றில் இருந்தபடியால், தகவல் ஆணையர் 2012-இல் 3,25,000 பவுன் அபராதம் விதித்தார். 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், மார்கன் ஸ்டான்லியைச் சேர்ந்த ஸ்மித் பார்னி நிறுவனத்துக்கு 3.5 கோடி டாலர் அபராதம் விதித்ததற்கும் இதுவே காரணம்: சுமார் 1.5 கோடி வாடிக்கைக்காரர்களின் விவரங்கள் அடங்கிய பழைய யந்திரங்களை, இந்தத் தொழிலே தெரியாத ஒரு சாமான் ஏற்றிச் செல்லும் கம்பெனியிடம் ஒப்படைத்ததும், அவற்றுள் பல மேற்கொண்டு கைமாறி ஏலத்துக்கு வந்ததும் விசாரணையில் வெளிப்பட்டன. இந்த இரண்டு சம்பவங்களிலும் தன் பெயர் எந்த டிஸ்கில் போயிற்று என்பதை அறிந்து கொள்ள நோயாளிக்கோ வாடிக்கைக்காரனுக்கோ ஒரு வழியும் இருக்கவில்லை.

இதற்கிடையில் காந்தத் தட்டு சம்பந்தப்பட்ட தர்க்கம் ஒருவாறு முடிவடைந்தது. எழுத்துக்கள் மேலும் மேலும் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டு வந்ததால், ஓரத்தில் பழையது மிஞ்சுவதற்கு இடமில்லாமல் போயிற்று. அமெரிக்கத் தர நிர்ணய ஸ்தாபனம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2001-க்குப் பின் செய்யப்பட்ட டிஸ்குகளுக்கு ஒரு தடவை மேலெழுதினாலே பெரும்பாலான காரியங்களுக்குப் போதும் என்று கூறியது. 2008 டிசம்பரில் நம் ஹைதராபாத்தில் கூடிய ஒரு மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஆராய்ச்சியும், ஒரு தடவை மேலெழுதிய பின்னர் நுண்ணோக்கியால் ஒரு தனிப் புள்ளியை அறிவது குருட்டு ஊகத்தைவிடச் சற்றே மேலானது என்றும், ஒரு முழு ஃபைலை மீட்பது நடவாத காரியம் என்றும் காட்டியது. 35 தடவை என்ற விரதத்துக்கு இனி அவசியம் இல்லை என்று நிம்மதியடைய வேண்டிய தருணத்தில்தான் டிஸ்க் என்ற சாதனமே வேறொன்றாக மாறிவிட்டது.

எஸ்.எஸ்.டி. என்று இன்று எல்லோரும் சொல்லும் சாதனத்தில் தட்டும் இல்லை, சுழற்சியும் இல்லை. ஃப்ளாஷ் என்ற சில்லுகளில் மின்னேற்றமாக எழுத்து நிற்கிறது. இந்தச் சில்லில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. பல பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதியை முழுவதும் துடைத்த பிறகே அங்கே புதிதாக எழுதலாம். ஒவ்வொரு தொகுதியும் குறிப்பிட்ட தடவைகளே துடைப்பைத் தாங்கும். ஆகையால் சாதனத்தின் உள்ளேயே அமர்ந்திருக்கும் சிறு கணிப்பான், நாம் மேலெழுதச் சொன்னதை வேறொரு புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைப் பின்னால் துடைக்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறது. உடைமைக்காரனோ தான் சொன்ன இடத்தில் சொன்னபடி நடந்ததாக எண்ணிக் கொள்கிறான். கலிஃபோர்னியா சர்வகலாசாலையின் சான் டியாகோ கிளையைச் சேர்ந்த மைக்கேல் வெய் முதலானோர் 2011-இல் சில்லுகளையே நேராகப் படித்துப் பார்த்து, தனி ஃபைலை மட்டும் அழிக்கும் முறைகளில் ஒன்றுகூட எஸ்.எஸ்.டி.யில் பலிக்கவில்லை என்று நிரூபித்தார்கள். சாதனத்துக்குள் தயாரிப்பாளரே வைத்த துடைப்புக் கட்டளையை 12 டிரைவ்களில் பரிசோதித்தபோது, 4 மட்டுமே அதை நம்பகமாக நிறைவேற்றின. ஒன்று, துடைத்தாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு, எழுத்துக்கள் அனைத்தையும் அப்படியே வைத்துக் கொண்டிருந்தது. 2003 முதல் தன் கம்ப்யூட்டர்களில் குப்பையைப் பத்திரமாகக் காலி செய்யும் கட்டளை ஒன்றை அளித்து வந்த ஆப்பிள் நிறுவனம், ஃப்ளாஷ் சாதனங்களில் அதற்கு உத்தரவாதம் தர முடியாதென்று ஒப்புக்கொண்டு, 2015-இல் அதையே எடுத்துவிட்டது.

இந்தச் சங்கடத்துக்கு விடை 1996-இல், குட்மன் பேசிய அதே சான் ஹோஸே மாநாட்டிலேயே சொல்லப்பட்டிருந்தது. பிரின்ஸ்டன் சர்வகலாசாலையிலிருந்து வந்த டான் போனே, ரிச்சர்ட் லிப்டன் என்ற இருவர், பிரதி எடுத்த நாடாக்கள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும்போது அவற்றிலுள்ள ஒரு ஃபைலை எப்படி அழிப்பது என்ற கேள்வியை எடுத்துக் கொண்டு, எழுதும்போதே சங்கேதமாக எழுதிவிட்டு, அழிக்க வேண்டிய நாளில் அதன் சாவியை மட்டும் அழித்துவிடலாம் என்ற யோசனையை முன்வைத்தார்கள். சாவி போன பிறகு எழுத்து எத்தனை இடங்களில் இருந்தாலும் அது அர்த்தமற்ற குப்பை. ஒரே மாநாட்டில் இரண்டு மார்க்கங்கள் காட்டப்பட்டன; உலகம் மேலெழுதும் மார்க்கத்தை ஏற்று, சாவியின் மார்க்கத்தைக் கவனியாமல் பல வருஷங்கள் விட்டுவிட்டது. 2009-இல் வந்த ஐபோன் 3ஜிஎஸ், முழுச் சேமிப்பையும் சங்கேதமாக்கி, அழிக்கும் கட்டளைக்குச் சாவியைத் துறப்பதையே பதிலாகக் கொண்டது. 2014-இல் தர நிர்ணய ஸ்தாபனமும் தன் வழிகாட்டியைத் திருத்தி இம்முறையை அங்கீகரித்தது. ஆனாலும் நம்பிக்கைக்கு உரிய இடம் மாறியதே தவிர, நம்ப வேண்டிய அவசியம் நீங்கவில்லை. நெதர்லாந்தின் ராட்பவுட் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2018-இல், தானே சங்கேதமாக்கிக் கொள்வதாகச் சொல்லி விற்கப்பட்ட சில எஸ்.எஸ்.டி.களில், கடவுச்சொல் இல்லாமலேயே உள்ளே புகுந்து படிக்க முடிவதைக் காட்டினார்கள்.

சென்னை ரிச்சி தெருவிலும் நம் ஊர்களின் காயலான் கடைகளிலும் வந்து சேரும் பழைய யந்திரங்களை இந்தச் சரித்திரத்தை வைத்துப் பார்த்தால், அவற்றில் மிகவும் அபாயமானவை ஓடாதவைதான் என்பது விளங்கும். ஓடுகிற யந்திரத்துக்கு ஏதோ ஒரு கட்டளையாவது இடலாம். காந்தத் தட்டானால் முழுவதும் ஒரு தடவை மேலெழுதலாம், எஸ்.எஸ்.டி. ஆனால் தயாரிப்பாளரின் துடைப்புக் கட்டளையை இட்டுவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம். மோட்டார் நின்றுபோன ஹார்ட் டிஸ்கோ எந்தக் கட்டளைக்கும் செவி சாய்க்காது. அதன் தட்டில் எழுத்து மட்டும் ஒரு குறைவும் இல்லாமல் நிற்கும், தட்டைக் கழற்றி நல்ல உறுப்புகளோடு இணைக்கத் தெரிந்தவன் அதைப் படித்துவிடுவான். கெட்டுப்போனதுதானே என்று எடைக்குப் போடுகிற அந்த டிஸ்கைத் திறந்து தட்டுகளைத் துளையிட்டு வளைத்துவிட வேண்டும். லாப்டாப்களில் வரும் சிறிய டிஸ்குகளின் தட்டுகள் பெரும்பாலும் கண்ணாடியாதலால் நொறுங்கித் தெறிக்கும், கண்ணையும் கையையும் காத்துக் கொண்டு செய்ய வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் பலகையை இரண்டாக உடைத்தால் போதாது, அதிலுள்ள ஃப்ளாஷ் சில்லு ஒவ்வொன்றும் உடைபட வேண்டும். வாங்கிய அன்றே தன் சேமிப்பைச் சங்கேதமாக்கி, வலுவான கடவுச்சொல் இட்டு வைத்தவன் ஒருவன்தான், தன் யந்திரம் ஓடாமல் போன பிறகும் அதைச் சுத்தியலெடுக்காமல் எடைக்குப் போட முடியும்.